மாந்தோப்பில் கோல்ஃப்: அப்பாவும் பாப்பாவும் ஆட என்னென்ன வேணும்?

பாப்பாவோட அப்பா | 14.12.2024, இரவு 9.50

கிருஷ்ணகிரிக்கும் காவேரிப்பட்டணத்துக்கும் நடுவுல வீடு. மகளுக்கு எட்டு வயசு, உயரம் 125 செ.மீ. டிவியில பாத்துப் பாத்து ரெண்டு பேருக்குமே கோல்ஃப் மேல ஆசை வந்துடுச்சு. ரெண்டு பேருமே இதுவரைக்கும் கட்டையைத் தொட்டதில்ல. வீட்டை ஒட்டி ஒன்றரை ஏக்கர் மாந்தோப்பு இருக்கு. பெரியவங்க ஆடற பழைய கட்டை செட் ஒண்ணு கைக்கு வருது. அதை அறுத்துச் சின்னதாக்கிப் பாப்பாவுக்குக் குடுத்தா போதுமா? சொந்தக்காரங்க, "அது பணக்காரன் ஆட்டம், ஷட்டில் மட்டை ரெண்டு வாங்கிக் குடுத்துட்டுப் பேசாம இரு"ங்கறாங்க. அவங்க சொல்றதுதான் சரியா?

ஒன்பதாம் குழி | 14.12.2024, இரவு 10.25

சரியில்ல. ஷட்டில்ல எட்டு வயசுப் பிள்ளையோட ஆடற அப்பனுக்கு ரெண்டே வழிதான். வேணும்னே தோக்கணும், இல்லாட்டி அடிச்சு ஜெயிக்கணும். எதைச் செஞ்சாலும் பிள்ளை கண்டுபிடிச்சுடும். கோல்ஃப்ல எதிராளியோட பந்தை யாரும் தொடறதில்ல. அவங்கவங்க பந்து, அவங்கவங்க கணக்கு. குழிக்கு ஆறடியில நின்னு உருட்டறதுக்கு புஜ பலமும் வேணாம். உலகத்துல முதல் வரிசையில ஆடறவங்களே எட்டடி தூரத்துல ரெண்டுக்கு ஒண்ணுதான் போடறாங்க. அந்த எட்டடிக்குள்ள நீங்களும் பாப்பாவும் ஒரே வகுப்பு.

அதனால குழியிலிருந்து ஆரம்பிச்சு வெளியே போங்க. முதல் ரெண்டு மாசம் ஆளுக்கு ஒரு பட்டர், ஆறு பந்து, தரையில ஒரு குழி. அவ்வளவுதான். அதுக்கப்புறம் குழிக்குப் பத்துப் பதினைஞ்சு அடி தள்ளி நின்னு தட்டி விடறது. முழு வீச்சு கடைசி. பெரும்பாலான அப்பாங்க இதைத் தலைகீழாச் செய்யறாங்க. முதல் நாளே டிரைவரை, அதாவது தூரமா அடிக்கற பெரிய கட்டையை, கையில குடுத்து "ஓங்கி அடி"ம்பாங்க. பத்து வீச்சுல ஒம்பது பந்துல படாம காத்துல போகும், பிள்ளை அழும், கட்டை பரண் ஏறிடும்.

அறுக்கறது வேண்டாம். பெரியவங்க கட்டையோட தலை கனம், பிள்ளையை இழுத்துட்டுப் போயிடும்.

ஒன்பதாம் குழி | 14.12.2024, இரவு 10.40

பட்டர்ங்கறது வெண்ணெயும் இல்ல, கோயில் பட்டரும் இல்ல. பந்தை உருட்டற தட்டை மூஞ்சிக் கட்டை. உங்க சொந்தக்காரங்க அதையும் கேப்பாங்க, அதுக்காகச் சொல்றேன்.

பாலக்கோடு பட்டறை | 15.12.2024, காலை 6.15

முடிவு சரி, காரணம் தப்பு. அறுத்தா தலை கனமாத் தெரியாது, நேர்மாறா ஆகும். நீளம் அரை அங்குலம் குறைஞ்சா ஸ்விங் வெயிட்ல (வீசும்போது கைக்குத் தெரியற தலைக் கனம்) 3 புள்ளி போயிடும். 37 அங்குல 7 அயர்னை (இரும்புத் தலைக் கட்டை) 30க்கு அறுத்தா 42 புள்ளி அவுட். வீசும்போது தலை எங்க இருக்குன்னே கைக்குத் தெரியாது, குச்சி ஆட்டற மாதிரி இருக்கும். ஆனா தூக்கற எடை குறையாது. தலை 270 கிராம், கிரிப் (கைப்பிடி உறை) 50, மிச்சம் ஸ்டீல் ஷாஃப்ட் (தண்டு), ஆக மொத்தம் 430 பக்கம் வரும். ஏழு அங்குலம் அறுத்தா போறது 25 கிராம்கூட இல்ல. பிள்ளைகளுக்குன்னே செய்யற 7 அயர்ன் 300லிருந்து 330 கிராம்தான். ஆக, பிள்ளைக்கு ரெண்டு பக்கமும் நட்டம்: சுமக்கறது கனம், வீசறது வெத்து. போதாததுக்கு ஷாஃப்ட் குட்டையாகி இரும்புக் கம்பியா விறைச்சுடும். பிள்ளை வேகத்துக்கு அது வளையவே வளையாது.

பட்டர் மட்டும் விதிவிலக்கு. அது வீசற கட்டை இல்ல, ஊசலாட்டம்தான். தைரியமா அறுக்கலாம். 125 செ.மீ. பிள்ளைக்கு 25, 26 அங்குலம் வெச்சுப் பாருங்க. பாப்பாவைக் குனிஞ்சு நிக்கச் சொல்லி, கை ரெண்டும் தோள்லேருந்து தானாத் தொங்கணும். கட்டையோட அடி தரையில முழுசாப் படியணும். கட்டைத் தலையோட முன் நுனி மேல தூக்கிட்டு நின்னா இன்னும் நீளம் அதிகம்னு அர்த்தம்.

அறுக்கற முறை: கிரிப் பக்கம்தான் அறுக்கணும், தலைப் பக்கம் கை வைக்கக் கூடாது. பழைய கிரிப்பை பிளேடால நீளவாக்குல கீறி உரிச்சுடுங்க. ஸ்டீல்னா பிளம்பர் வெச்சிருக்கற பைப் கட்டர் நல்லா வெட்டும். கிராஃபைட்டா இருந்தா பைப் கட்டர் நசுக்கி நாராக்கிடும். வெட்டற இடத்துல மாஸ்கிங் டேப் சுத்தி, நைஸ் பல் ஹாக்ஸா பிளேடால சுத்திச் சுத்தி அறுக்கணும், மூக்குல துணி கட்டிக்கணும். பிசிறை அரத்தால எடுத்துடுங்க, இல்லாட்டி புதுக் கிரிப்பைக் கிழிச்சுடும். ரெண்டு பக்கம் ஒட்டற டேப்பை நீளவாக்குல ஒட்டி, நுனியில கொஞ்சம் மடிச்சுக் குழாய்க்குள்ள திணிங்க. கிரிப்போட அடி ஓட்டையை விரலால அடைச்சு, உள்ள கொஞ்சம் பெட்ரோல் ஊத்திக் குலுக்கி, அதையே டேப் மேலயும் ஊத்தி, ஒரே தள்ளுல ஏத்தணும். நடுவுல நிறுத்தினா அங்கியே பிடிச்சுக்கும். நேர் பாக்கறதுக்கு ஒரு நிமிஷம்தான் நேரம். ராத்திரி பூரா அப்படியே விட்டுடுங்க. மண்ணெண்ணெய் வேண்டாம், எண்ணெய்ப் பசை தங்கிக் கிரிப் திரும்பிட்டே இருக்கும். பெட்ரோல் வேலை வெளியில, அடுப்பு பீடி எதுவும் பக்கத்துல இல்லாம, பாப்பா உள்ள இருக்கும்போது.

ஒன்பதாம் குழி | 15.12.2024, காலை 8.00

பட்டறை அண்ணா சொன்னதுதான் சரி, என் காரணத்தை வாபஸ் வாங்கிக்கறேன். ஒண்ணு சேத்துக்கறேன். அறுத்த பட்டர் வெத்தா இருந்தா தலையில கனம் ஏத்தலாம். ஈயப் பட்டை ஒட்டுங்க, 15 கிராம்லேருந்து தொடங்குங்க.

ஒன்பதாம் குழி | 15.12.2024, காலை 8.20

ஈயம் வேண்டாம். எட்டு வயசுக் கை, தொட்ட கையோட முறுக்கு தின்னும். ஒரு ரூபாய்க் காசு ஒண்ணு 3லேருந்து 4 கிராம் வரும். அஞ்சு காசை டேப் போட்டு பட்டர் தலைக்குப் பின்னால ஒட்டுங்க, மூஞ்சியில வேண்டாம். போட்டிக்கெல்லாம் இது ஆகாது, தோப்புக்குப் போதும். மொத்தச் செலவு அஞ்சு ரூபா, அதுவும் திரும்பி வந்துடும்.

பாப்பாவோட அப்பா | 16.12.2024, இரவு 8.10

பட்டர் அறுத்தாச்சு. குழி எப்படிப் போடறது? தோப்புல புல்லு கிடையாது, செம்மண்ணும் சரளையும்தான்.

ஒன்பதாம் குழி | 16.12.2024, இரவு 9.30

புல்லு வேண்டாம். புல்லு வளர்த்து 4 மி.மீ. உயரத்துக்கு நாள் தவறாம வெட்டிட்டு இருக்க உங்களால முடியாது. தண்ணி பத்தாத ஊர்கள்ல அந்தக் காலத்துலேருந்தே கிரீனுக்கு (குழியைச் சுத்தின புல்தரை) பதிலா 'பிரவுன்' போட்டு ஆடியிருக்காங்க. மணல் தரை, அவ்வளவுதான். உங்க ஊர்ல கல்லுக் குவாரிக்கும் கிரஷருக்கும் பஞ்சமா? எம் சாண்ட் வாங்குங்க.

3 மீட்டர் அகலம், 6 மீட்டர் நீளம் போதும். கல்லு, கோரை வேரு எல்லாம் எடுத்துட்டு செம்மண்ணை நனைச்சுத் திமிசு போட்டு இடிங்க. மழைத்தண்ணி ஓட நீளவாக்குல 12 செ.மீ. வாட்டம் வைங்க. அதுக்கு மேல வெச்சா இறக்கத்துல பந்து நிக்காது. மேஸ்திரிகிட்ட இருக்கற டியூப் லெவல் ஒண்ணு போதும். மேல ஒரு அங்குலம் மணல். 18 சதுர மீட்டருக்குக் கணக்குப் போட்டா 16 கன அடிதான் வரும், கால் யூனிட் (25 கன அடி) வாங்கினாலே மிச்சமாகும். தண்ணி தெளிச்சு உருளை ஓட்டணும். ஆறு அங்குல பிவிசி பைப்பை மூணடி வெட்டி, ரெண்டு பக்கமும் மூடி போட்டு ஈர மணல் நிரப்பினா 30 கிலோ வரும், அதுவே உருளை.

பழைய பிரவுன்கள்ல தூசி பறக்காம இருக்க எரிஞ்ச ஆயில் ஊத்துவாங்க. நீங்க ஊத்தாதீங்க. கீழ மா வேர், பக்கத்துல கிணறு. தினம் ரெண்டு குடம் தண்ணி தெளிச்சா போதும்.

குழிக்கு நாலு அங்குல பிவிசி பைப், 15 செ.மீ. துண்டு. ஆட்ட விதிப்படி குழி விட்டம் 108 மி.மீ., ஆழம் குறைஞ்சது 101.6 மி.மீ. நாலு அங்குல பைப்போட வெளி விட்டம் 110. நமக்கென்னவோ கடவுளே பாத்து வெச்ச மாதிரி. அடியில ஒரு கை ஜல்லி போட்டு, பைப்பைத் தரை மட்டத்துக்கு இறக்கிடுங்க.

பாலக்கோடு பட்டறை | 17.12.2024, காலை 6.05

தரை மட்டத்துக்கு வெக்காதீங்க. பந்து பிளாஸ்டிக் விளிம்புல பட்டுத் துள்ளி வெளிய ஓடிடும். மைதானத்துல கிண்ணத்தை தரைக்கு ஒரு அங்குலம் கீழதான் இறக்குவாங்க, விளிம்பு மண்ணாதான் இருக்கணும்.

எம் சாண்டும் தப்பு. அதுல 4.75 மி.மீ. வரைக்கும் குருணை இருக்கும், பந்து பல்லாங்குழி ஆடிட்டுப் போகும். அடியில எம் சாண்ட் போட்டாலும் மேல அரை அங்குலத்துக்குப் பூச்சு வேலைக்குப் போடற பி சாண்ட் வேணும், அது 2.36 மி.மீ.க்குள்ளதான். இன்னொரு தடவை சல்லடையில சலிச்சா இன்னும் நல்லது. கிரஷர் மணல் கோணல் மாணலா இருக்கறதால உருளை போட்டா ஒண்ணோட ஒண்ணு பிடிச்சுக்கும், ஆத்து மணலை விட நல்லா இறுகும்.

ஒன்பதாம் குழி | 17.12.2024, காலை 7.45

ரெண்டும் ஒத்துக்கறேன். ஆனா ஒரு அங்குலம் கீழ இறக்கினா மணல் விளிம்பு சரிஞ்சு, ரெண்டே நாள்ல குழி சட்டி மாதிரி ஆயிடுமே அண்ணா?

பாலக்கோடு பட்டறை | 17.12.2024, இரவு 9.15

புத்து மண். டென்னிஸ் தரைக்குப் போடற அதே மண்தான். குழியைச் சுத்தி அரையடி அகலத்துக்கு மணலை எடுத்துட்டு, புத்து மண்ணும் பி சாண்டும் பாதிக்குப் பாதி கலந்து ஈரமாப் போட்டு இடிங்க. பாதி காய்ஞ்ச பதத்துல இருக்கும்போது, விளிம்பை அரத்தால கூராக்கின பைப்பைத் திருகித் திருகி இறக்கி மண்ணை எடுத்துட்டா விளிம்பு கத்தி மாதிரி நிக்கும். விட்டம் 110 வரும், ரெண்டு மில்லி லாபம்னு வெச்சுக்கங்க. ஆளில்லாத பழைய புத்தாப் பாருங்க. மஞ்சள் குங்குமம் வெச்சுப் பால் ஊத்தற புத்துல கடப்பாரை போட்டா ஊர்ல பஞ்சாயத்து, உள்ள குடித்தனம் இருந்தா அதைவிடப் பெரிய பஞ்சாயத்து.

ஒன்பதாம் குழி | 29.12.2024, மதியம் 2.20

தரை எவ்வளவு வேகம்னு அளக்க ஒரு சின்ன வேலை, பாப்பாவுக்குப் பிடிக்கும். மூணடி அலுமினியம் ஆங்கிள், திறந்த பக்கம் மேல. கீழ் நுனியிலேருந்து 76 செ.மீ.ல கோடு போடுங்க. பந்தை அந்தக் கோட்டுல வெச்சு, கோடு தரையிலேருந்து 26 செ.மீ. உயரம் வர்ற வரைக்கும் தூக்கி விடுங்க. அதாவது 20 டிகிரி. பந்து உருண்டு நின்ன தூரத்தை அளங்க. மேட்டுப் பக்கம் மூணு, பள்ளப் பக்கம் மூணு, சராசரி எடுங்க. நல்ல கிளப்புல ஸ்டிம்ப்மீட்டர்னு ஒரு கருவியால இதையேதான் அளக்கறாங்க. அங்க எட்டடி ஓடினா சாதாரணம், போட்டி நாள்ல பத்துக்கு மேல. உங்க மணல்ல அவ்வளவு ஓடாது.

ஆனா உங்க அளவை அவங்க அளவோட ஒப்பிடாதீங்க. அந்தக் கருவியோட பள்ளம் வாயகலமா இருக்கும், ஆங்கிள் குறுகல், பந்து உக்கார்ற விதமே வேற. நேத்து எவ்வளவு, இன்னிக்கு எவ்வளவுன்னு பாக்கறதுக்கு மட்டும். தண்ணி தெளிச்ச அரை மணி நேரத்துலயும் மதிய வெயில்லயும் அளந்து பாருங்க, வித்தியாசம் தெரியும். வீட்டு சிமென்ட் தரையில பழகாதீங்க. அங்க தட்டினா பந்து அடுப்படி வரைக்கும் போகும், கை பயந்து சுருங்கிடும்.

பாப்பாவோட அப்பா | 04.01.2025, இரவு 8.40

பிரவுன் போட்டாச்சு. ஆட்டம் எப்படி வைக்கறது? ஒன்பது இடத்துல குச்சி நட்டு ஆடினா எனக்கு 20 தட்டு வருது, அவளுக்கு 26. தினமும் தோக்கறான்னு முகம் சுருங்குது.

ஒன்பதாம் குழி | 04.01.2025, இரவு 9.20

விட்டுக் குடுத்துடாதீங்க. ஹேண்டிகேப்னு சலுகைக் கணக்கு இருக்கறதே அதுக்குத்தான். கடைசி மூணு ஆட்டத்தோட வித்தியாசத்தைக் கூட்டி மூணால வகுத்து, அத்தனை ஸ்ட்ரோக் (தட்டு) பாப்பாவுக்கு முன்கூட்டியே கழிச்சுக் குடுங்க. இப்போதைக்கு ஆறு. வாராவாரம் திருத்துங்க. இப்ப நீங்க முழு மூச்சா ஆடலாம், அவளும் நிஜமா ஜெயிக்கலாம். கணக்கை அவளே நோட்டுல எழுதட்டும்.

ஒன்பதாம் குழி | 05.01.2025, காலை 7.10

யோசிச்சுப் பாத்தா இதுல ஓட்டை இருக்கு. பிள்ளை சூட்டிகையா இருந்தா மூணு ஆட்டம் சொதப்பிட்டு நாலாவதுல பத்து ஸ்ட்ரோக் வாங்கிக்கும். உலக ஹேண்டிகேப் முறையில அதனாலதான் எல்லா ஆட்டத்துக்கும் சராசரி எடுக்காம, கடைசி 20 ஆட்டத்துல சிறந்த 8க்கு மட்டும் சராசரி எடுக்கறாங்க. மோசமான நாள் கணக்குல வராது. நீங்க கடைசி அஞ்சுல சிறந்த ரெண்டு எடுங்க, ரெண்டு பேருக்கும் தனித்தனியா. அதோட சராசரி வித்தியாசம்தான் ஸ்ட்ரோக். அங்க உச்ச வரம்பு 54, அதனால பாப்பா வெக்கப்பட ஒண்ணுமில்ல.

இன்னொரு வகை இருக்கு, அப்பா பிள்ளைக்கு எனக்குப் பிடிச்சது அதுதான்: ஒரே பந்து, மாத்தி மாத்தி அடிக்கணும். ஃபோர்சம்ஸ்னு பேரு. அவ விட்ட இடத்துலேருந்து நீங்க, நீங்க விட்ட இடத்துலேருந்து அவ. நீங்க மூணடி தாண்டி ஓட விட்டீங்கன்னா குழிக்குத் திரும்பி வர்ற பட் (உருட்டல்) அவ தலையில. அப்பத்தான் தெரியும், யாரு யாரைத் திட்டறாங்கன்னு.

பாலக்கோடு பட்டறை | 05.01.2025, இரவு 10.00

அப்பா பிள்ளைன்னதும் ஞாபகம் வருது. நம்ம நாட்டு கோல்ஃப் வீராங்கனை அதிதி அசோக் டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல நாலாவதா வந்தப்ப கட்டைப் பை தூக்கினது அவங்க அப்பாதானே?

ஒன்பதாம் குழி | 05.01.2025, இரவு 10.15

இல்லண்ணா. அப்பா தூக்கினது 2016 ரியோ. டோக்கியோ ஆட்டம் 2021ல நடந்தது, அங்க கூட இருந்தது அம்மா. 15 அண்டர் (நிர்ணயிச்ச கணக்கை விட 15 ஸ்ட்ரோக் குறைவு), ஒரே ஸ்ட்ரோக்ல பதக்கம் கை நழுவிச்சு. அந்தப் பொண்ணு பெங்களூர்ல கர்நாடகா கோல்ஃப் அசோசியேஷன் ரேஞ்சுல (பந்து அடிச்சுப் பழகற இடம்) தொடங்கினப்ப அஞ்சரை வயசு. இன்னொரு இந்திய வீரர் அனிர்பன் லாஹிரிக்குச் சொல்லிக் குடுத்ததும் அப்பாதான், ராணுவ டாக்டர்.

இதுல எல்லாருக்கும் மூத்தவங்க டாம் மாரிஸ் அப்பாவும் மகனும். பிரிட்டிஷ் ஓப்பன் கோல்ஃப் போட்டியை அப்பா 1861, 62, 64, 67ல ஜெயிச்சார். மகன் 1868லேருந்து தொடர்ந்து மூணு வருஷம், அப்புறம் 1872. 1869ல மகன் முதல், அப்பா ரெண்டாவது. அந்த ஓப்பனை ஜெயிச்சதுல அதிக வயசுக்காரர் இன்னிக்கும் அப்பாதான், 46. குறைஞ்ச வயசு மகன், 17. அந்த வீட்டுல ராத்திரிச் சாப்பாடு எப்படி இருந்திருக்கும்!

ஒன்பதாம் குழி | 19.01.2025, காலை 8.30

அடுத்த கட்டம், தட்டி விடறது. 7 அயர்ன் எடுத்து, பட்டர் பிடிக்கற மாதிரியே பிடிச்சு, மணிக்கட்டை மடக்காம. பிரவுனுக்கு ஓரடி முன்னால கோணிச் சாக்கை நாலா மடிச்சுப் போடுங்க, பந்து அது மேல விழணும், மிச்சம் உருளணும். 7 அயர்ன்ல ஒரு பங்கு பறந்தா மூணு பங்குக்கு மேல உருளும். பந்தை உயரமாத் தூக்கற சாண்ட் வெட்ஜ் கட்டைக்கு ஒண்ணுக்கு ஒண்ணு. மணல் மேல நேரா விழுந்தா பந்தோட ஓட்டம் செத்துடும், அதனால வெட்ஜ் இப்ப வேண்டாம்.

செம்மண்ணுல நேரா அடிக்காதீங்க. அடியில ஒரு சரளை இருந்தாலும் மணிக்கட்டு முழங்கை வரைக்கும் அதிரும், பிள்ளைக் கை தாங்காது. மாட்டுக் கொட்டாயில விரிக்கற ரப்பர் மேட் ஒரு துண்டு, அதுக்கு மேல செயற்கைப் புல்லு. மேட்டுக்கு அடியில ரெண்டு அங்குலம் மணல் இருக்கணும், சிமென்ட் தரையில போட்டா ரப்பர் இருந்தும் அதிரும்.

இப்ப மா பூ கட்டற நேரம். பிரவுனோட நிறுத்திக்கங்க, தோப்புக்குள்ள பந்தைப் பறக்க விடாதீங்க. அப்புறம் காய் பிடிச்சா பெங்களூரா ரக மாங்காயில பந்து பட்ட இடம் பால் கசிஞ்சு கறுத்துடும். சொட்டுநீர் லேட்டரல் குழாய் எங்க ஓடுதுன்னும் பாத்துக்கங்க, அயர்ன் முனை அதைச் சீவினா தண்ணி போறது மறுநாள்தான் தெரியும். புதர்லயும் கல்லுக் குவியல்லயும் போன பந்தைக் கை விட்டு எடுக்கக் கூடாது, குச்சியால தள்ளி எடுக்கணும். தேடற நேரம் விதிப்படி மூணு நிமிஷம்தான், 2019க்கு முன்ன அஞ்சு. பாம்பு நடமாட்டம் இருக்கற தோப்புல மூணே அதிகம்.

பாப்பாவோட அப்பா | 02.03.2025, இரவு 7.55

முழு வீச்சுக்கு வலை கட்டணும். கிரிக்கெட் வலை பழசு ஒண்ணு இருக்கு. ஓசூர்ல ரோஜாத் தோட்டத்துக்குப் போடற நிழல்வலையும் கிடைக்குது. எது?

ஒன்பதாம் குழி | 02.03.2025, இரவு 8.45

கிரிக்கெட் வலை கூடவே கூடாது. கோல்ஃப் பந்தோட விட்டம் 42.67 மி.மீ. கிரிக்கெட் வலைக் கண்ணி அதை ஒட்டியோ பெருசாவோ இருக்கும், பந்து கண்ணியை விலக்கிட்டு வெளிய போயிடும். கண்ணி 20, 25 மி.மீ.க்குள்ள, முறுக்கு நைலான் நூலா இருக்கணும். மீன் வலையில மெல்லிசான ஒத்தை இழை வலை வேண்டாம், பந்து அறுத்துடும். நிழல்வலை ரெட்டையா மடிச்சுத் தொங்க விட்டா பாப்பா அடிக்கற 7 அயர்னைத் தாங்கும். நீங்க டிரைவர் எடுத்தா ஒரே வாரத்துல கிழியும். அதனால பின்னால நைலான், முன்னால ஓரடி தள்ளி நிழல்வலை.

இழுத்துக் கட்டாதீங்க, அதுதான் எல்லாரும் செய்யற தப்பு. டிரம் மாதிரி விறைப்பா இருந்தா பந்து வந்த வேகத்துல திரும்பி வரும். மேல மட்டும் கட்டி, கீழ ஒண்ணரை அடி தரையில மடிஞ்சு கிடக்கட்டும். நிக்கற இடத்துலேருந்து வலைக்குப் பத்தடி. ஜி.ஐ. பைப் சட்டம்னா பைப் மேல பழைய மெத்தைத் துணியைச் சுத்துங்க, பைப்புல பட்ட பந்து முகத்துக்குத்தான் வரும். வெயில் நைலானைத் தின்னுடும், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கண்ணியை ரெண்டு கையால இழுத்துப் பாருங்க.

வலையை விட முக்கியமானது ஒண்ணு. பிள்ளைங்களுக்குக் காயம் பந்தால வர்றதை விட கட்டையாலதான் வரும், வீசறவங்க பின்னால வந்து நிக்கறதால. வீசறவங்க நெஞ்சைப் பாத்த பக்கம், நாலு எட்டு தள்ளி ஒரு வட்டம் போட்டு, அதுல ஒரு நாற்காலி வைங்க. கட்டை கையில இல்லாதவங்க அந்த நாற்காலியில உக்காரணும், நீங்களும்தான். நாற்காலி காலியா இருந்தா யாரும் வீசக் கூடாது.

ஒரு நாளைக்கு 30 பந்து போதும். ஒரு நாளைக்கு ஒரே திருத்தம். "தலையை ஆட்டாதே"ன்னு இன்னிக்குச் சொன்னீங்கன்னா காலைப் பத்தி நாளைக்குத்தான்.

பாப்பாவோட அப்பா | 09.03.2025, காலை 10.30

ஒரு சிக்கல். பாப்பா வலது கைக்காரி, எழுதறது சாப்பிடறது எல்லாம் வலதுதான். ஆனா எதிர்ல நின்னு நான் வீசிக் காட்டினா இடது கைக்காரி மாதிரி வீசறா.

ஒன்பதாம் குழி | 09.03.2025, காலை 11.00

அந்த நாற்காலி செஞ்ச வேலை, தப்பு என்னுது. எதிர்ல உக்காந்து பாக்கற பிள்ளை கண்ணாடி பாத்த மாதிரி அப்படியே திருப்பிச் செய்யும். அமெரிக்க கோல்ஃப் வீரர் ஃபில் மிக்கல்சன் வலது கைக்காரர், சின்ன வயசுல அப்பாவுக்கு எதிர்ல நின்னு பாத்துப் பழகினதால இடது பக்கம் ஆடறார். அவருக்கு அது நல்லதாத்தான் முடிஞ்சுது, மேஜர்ங்கற பெரிய போட்டிகள்ல ஆறு ஜெயிச்சிருக்கார்.

காட்டும்போது மட்டும் ரெண்டு பேரும் ஒரே பக்கம் பாத்து, அவ உங்களுக்குப் பின்னால நல்லாத் தள்ளி, பந்தும் கட்டையும் இல்லாம கையை மட்டும் வீசிக் காட்டுங்க. அப்புறம் துடைப்பத்தைக் குடுத்து வாசல் பெருக்கற மாதிரி ரெண்டு பக்கமும் வீசச் சொல்லுங்க. எந்தப் பக்கம் 'விர்'ருன்னு சத்தம் அதிகமா வருதோ அதுதான் அவ பக்கம். எழுதற கையை வெச்சு முடிவு பண்ணாதீங்க. இடதுன்னு ஆயிட்டா ஜூனியர் அயர்ன் இடது கைக்குத் தேடித்தான் வாங்கணும், வாங்கறதுக்கு முன்ன இதை முடிச்சுடுங்க.

பாலக்கோடு பட்டறை | 09.03.2025, இரவு 9.40

பட்டருக்கு வளைஞ்ச தலை இல்லாம ரெண்டு பக்கமும் மூஞ்சி இருக்கற மாடல் வருது. அது எந்தக் கைக்கும் ஆகும். காசு ஒட்டத்தான் இடமில்ல.

ஒன்பதாம் குழி | 20.04.2025, மாலை 5.15

பாப்பாவைப் பெங்களூர் ரேஞ்சுக்குக் கூட்டிட்டுப் போறதா இருந்தா ரெண்டு விஷயம். கிளப்புகளுக்குள்ள மெம்பர் இல்லாம விட மாட்டாங்க, பணம் கட்டி அடிக்கற ரேஞ்சான்னு போன்ல கேட்டுட்டுக் கிளம்புங்க. காலர் வெச்ச டீ ஷர்ட், ஜீன்ஸ் வேண்டாம், சாதா ஸ்போர்ட்ஸ் ஷூ போதும். சனிக்கிழமை ஆறு மணிக்கே எல்லையில இருக்கற அத்திப்பள்ளியைத் தாண்டிடணும், இல்லாட்டி ரேஞ்சுல பக்கெட்டுல தர்ற பந்தை விட டிராஃபிக்ல நின்ன நேரம்தான் ஞாபகம் இருக்கும். ஒரு பக்கெட்டை ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கங்க. பாப்பா அஞ்சு அடிச்சா நீங்க அஞ்சு.

பாப்பாவோட அப்பா | 11.05.2025, இரவு 8.20

கோடை மழையில பிரவுன் ஓடைஓடையா அரிச்சுடுச்சு, குழி விளிம்பு மட்டும் நிக்குது. மணல் திரும்பப் போடணுமா? இன்னொரு பஞ்சாயத்து. கொடிக்கு வேப்பங்குச்சி நட்டிருக்கோம். இன்னிக்குக் கடைசிக் குழியில அவ பந்து குச்சி மேல சாஞ்சு நின்னுடுச்சு, பாதி வெளிய தெரியுது. விழலைன்னு நான், விழுந்துதுன்னு அவ. ஒரு ஸ்ட்ரோக்ல ஆட்டமே மாறுது.

பாலக்கோடு பட்டறை | 11.05.2025, இரவு 8.50

புதுசாப் போட வேண்டாம். அரிச்ச மணல் கீழ்க் கோடியில குமிஞ்சிருக்கும், பலகையால மேல இழுத்து, ஓடைகளைக் கொத்தி நனைச்சு, உருளை நாலு நடை. மேட்டுப் பக்கம் நாலு விரக்கடை ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டி, தோப்புத் தண்ணியைச் சுத்தி விடுங்க. அரிச்சது மேல விழுந்த மழை இல்ல, பக்கத்துலேருந்து ஓடி வந்த தண்ணி.

ஒன்பதாம் குழி | 11.05.2025, இரவு 9.05

கொடியை எடுக்காமலே பட் பண்ணலாம்னு 2019லேருந்து விதி. கொடிக்குச்சியில சாஞ்ச பந்துல கடுகளவு பாகம் தரை மட்டத்துக்குக் கீழ இருந்தாலும் குழியில விழுந்ததாத்தான் கணக்கு. பாப்பா சொன்னதுதான் சரி. நோட்டுல அந்த ஒரு ஸ்ட்ரோக்கைக் கோடு போட்டு நீக்கிடுங்க.